நிழலில் விட்ட இடம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஐசக் சார். உத்திரமேரூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1986-இல் அந்த ஊர் சேவா கிளப்பில் 'கதை எழுதுவது எப்படி' என்று பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசினேன். கைதட்டினார்கள், சந்தன மாலை போட்டார்கள், மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"கதைன்னா ஆரம்பம், நடு, முடிவு இருக்கணும்னு சொன்னீங்களே. எங்கிட்ட ஒண்ணு கீது சார். முடிவு மட்டும் இல்ல."

பஸ் வந்தது. அவரும் ஏறிக்கொண்டார். செங்கல்பட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். போகும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"இத்த பேய்க் கதை ஆக்கிடாதீங்க சார். அதுங்க புள்ளைங்க."

அதனால்தான் இவ்வளவு காலம் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் பேய்க் கதையாகத்தான் வருகிறது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அந்தக் கோடையில் ஏரி வற்றிக் கிடந்தது." ஏரி வற்றாமல் எங்கள் பக்கத்தில் கதை தொடங்குவதே இல்லை. அடித்துவிட்டேன்.

பிறகு இப்படி: "இறந்துபோன குழந்தை எத்தனை காலம் குழந்தையாகவே இருக்கும்?" அழகான கேள்விதான். அழகாக இருப்பதாலேயே சந்தேகம் வந்தது. அதையும் அடித்தேன்.

மிச்சம் இருப்பது ஒரு கூட்டம். அங்கிருந்து தொடங்குகிறேன்.

2

தலைவர் பஞ்சாட்சரம் மேசை மேலிருந்த பித்தளை மணியைத் தட்டினார். பேச்சு அடங்கியது.

1979, ஏப்ரல் கடைசி. சேவா கிளப் அவருடைய அரிசி மில்லின் மாடியில் கூடும். கீழே நெல் அவியும் வாசனை மாடிவரை வரும். அது குழந்தைகள் ஆண்டு என்று உலகம் முழுக்க அறிவித்திருந்தார்கள். உத்திரமேரூரும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

"கொழுகொழு கொழந்தைப் போட்டி வெச்சிடலாம்," என்றார் வேதகிரி. உரக்கடைக்காரர், கிளப்பின் பொருளாளர். "மூணு பிரைஸு. ஒரு போட்டோ. பேப்பர்ல வரும்."

செயலாளர் ஐசக் எழுந்தார். ஏரிக்கரைக் காலனியில் பிறந்து, படித்து, இந்த மாடிக்கு ஏறி வந்த ஒரே ஆள் அவர்தான்.

"போட்டி வெக்கலாம் சார். எங்க காலனிலேர்ந்து அப்படித் தூக்கிக்கினு வர ஒரு கொழந்த கூட இல்ல. ஸ்கூல் இருந்தாலாவது மத்தியானம் ஒரு வேள சோறு. இப்ப லீவு வுட்டாச்சி."

பஞ்சாட்சரம்தான் சொன்னார்: "பால் குடுப்போம். லீவு முடியற வரைக்கும் டெய்லி. பவுடர் நான் வரவழைக்கிறேன்."

(ஒரு குறிப்பு. முதல் பிரதியில் பஞ்சாட்சரத்துக்கு முறுக்கு மீசையும் கல் வைத்த மோதிரமும் போட்டிருந்தேன். மில் முதலாளி என்றால் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. ஆனால் ஐசக் சார் அவரை 'நல்ல மனுஷன்' என்றே சொல்லிக்கொண்டு வந்தார். மீசையை எடுத்துவிட்டேன். அவருடைய ஒரே மகன் முத்துகிருஷ்ணன், எட்டு வயதுப் பையன், இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதற்குப் பிறகு குழந்தைகள் என்று யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே 'செய்வோம்' என்பார். இது கதைக்காக நான் சேர்த்தது இல்லை.)

3

காலனி முனையில் ஒரு பூவரச மரம். அதன் நிழலில் பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். பால் கலக்கி ஊற்றும் வேலைக்குப் பாஞ்சாலியை வைத்தார் ஐசக். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். புருஷன் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரே மகள் அம்முலு.

அம்முலு வரிசையில் எப்போதும் சிட்டம்மாளுக்குப் பக்கத்தில் உட்காருவாள். இருவருக்கும் ஏழோ எட்டோ வயது. அம்முலு பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்துச் சிட்டம்மாள் பேசுவாள்.

"சார், அம்முலுக்கு இன்னும் கொஞ்சம் ஓணுமாம்."

"அவ கேக்கட்டுமே."

"அவளுக்கு வெக்கம் சார். எனுக்கும் ஓணும்."

மே மாதத்தில் ஒரு நாள், ஏரிக்குள் வண்டல் எடுத்த பள்ளத்தில் அம்முலு இறங்கினாள். மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும் பள்ளம். மண்ணை யார் எடுத்தார்கள் என்று கேட்டால், எல்லோரும்தான் எடுத்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பாஞ்சாலி

(இந்த வாக்கியத்தைப் பலமுறை தொடர்ந்து பார்த்துவிட்டேன். இப்படியே இருக்கட்டும்.)

4

சில நாள் பாஞ்சாலி வரவில்லை. ஐசக்கே பால் கலக்கி ஊற்றினார். பிறகு ஒரு மத்தியானம் அவள் தானாக வந்து, அவர் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். வரிசையாக ஊற்றிக்கொண்டே போனாள். சிட்டம்மாளுக்கு ஊற்றினாள். அடுத்து ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு டம்ளரை வைத்தாள், ஊற்றினாள், அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தாள்.

பெற்றவள் மனசு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார் ஐசக். அப்போதுதான் இன்னொன்று அவருக்கு உறைத்தது. அந்த இடம் இன்றைக்கு விடப்பட்டதில்லை. பாஞ்சாலி வராத நாட்களிலும் அது காலியாகவே இருந்தது. பிள்ளைகள் முட்டி மோதி நெருக்கி உட்கார்ந்தாலும் அங்கே மட்டும் யாரும் நகரவில்லை.

பால் டம்ளர் என்றால் ஈ மொய்க்கும். எல்லா டம்ளரையும் பிள்ளைகள் கையால் மூடி மூடிக் குடித்தார்கள். அந்த ஒரு டம்ளரை யாரும் மூடவில்லை. அதில் ஒரு ஈயும் உட்காரவில்லை.

செங்கல்பட்டு ரோட்டில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. ஐசக் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். டம்ளர் காலி. அடியில் ஒரு சொட்டு கூட இல்லை.

(இங்கே ஒரு பிரதியில் நாயை விட்டிருந்தேன். நாய் வந்து நக்கிவிட்டுப் போயிருக்கலாம் என்று வாசகர் சமாதானம் அடையட்டுமே என்று. ஐசக் சாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். 'நாய் எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. நாயை எடுத்துவிட்டேன்.)

அவர் சிட்டம்மாள் முன்னால் குனிந்தார். "இத்த யாரு குடிச்சது?"

"அம்முலுதான் சார்."

"எங்க கீறா அவ?"

படித்த பாடத்தையே மறந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். "தோ, இங்கதான் குந்திக்கினு கீறா. பாவாடதான் சார் காயவே மாட்டேங்குது அவளுக்கு."

ஐசக் கையை நீட்டி அந்தத் தரையைத் தொட்டுப் பார்த்தார். எங்கும் புழுதி. அந்த இடத்தில் மட்டும் மண் கையில் ஒட்டியது.

5

பாஞ்சாலி கதாபாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. துக்கத்தில் புத்தி பேதலித்தவள் என்று எழுதிவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடும். எழுதியும் பார்த்தேன். ஆனால் அவள் தினமும் கூலிக்குப் போனாள், கூலியைச் சரியாகக் கேட்டு வாங்கினாள், அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஐசக் அவளிடம், "உனுக்குத் தெரியுதா பாஞ்சாலி?" என்று கேட்டபோது, "எனுக்கு ஒண்ணியும் தெரியல சார். அந்தப் பொண்ணு சொல்லுது, ஊத்தறேன்," என்றாள். பேதலித்தவள் பேசுகிற பேச்சு இல்லை இது.

அடுத்த வாரம் வரிசையில் இன்னொரு இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்து இன்னும் சில.

"இன்னா இது?" என்றார் ஐசக்.

"பால் ஊத்தறாங்கன்னு அம்முலு போயி சொல்லிட்டா சார்," என்றாள் சிட்டம்மாள். "அத்தான் எல்லாம் வந்துகீது."

(இந்த இடத்தில் ஓர் எண் போட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள்? ஐசக் சார் சொல்லவில்லை. நானாக ஒன்றைப் போட்டால் அதற்கு மேல் வந்தவர்களை வெளியே நிறுத்தியதாக ஆகிவிடும். போடவில்லை.)

காலனிப் பெண்களுக்குச் செய்தி போயிற்று. வேலைக்குப் போகாத பெண்கள் மத்தியானம் வந்து தள்ளி நின்றார்கள். பேதியில் போனது, அம்மையில் போனது, பாம்பு கடித்துப் போனது என்று பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு அங்கே குறைவு. ஒவ்வொருத்தியாக வந்து சிட்டம்மாளிடம் கேட்டார்கள். அவள் வரிசையைப் பார்த்துப் பதில் சொன்னாள். "வந்துகீறான் கா." "அது இன்னிக்கி வர்ல."

செங்கேணி என்று ஒருத்தி. கேட்க வந்துவிட்டு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். "எம் பொண்ணுக்குப் பேரு கூட வெக்கலியே..."

"பேரு வெக்காத பாப்பாதானே? அம்முலு மடியில கீது கா. அதுக்கு டம்ளர்ல குடிக்கத் தெரியல."

செங்கேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் ஒரு பாலாடையை எங்கிருந்தோ கொண்டுவந்து அந்த டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

பாஞ்சாலி எல்லோருக்கும் ஊற்றினாள். பாலில் தண்ணீர் கூடிக்கொண்டே போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வரிசை நீண்டுவிட்டது. மரத்து நிழல் அத்தனை பேருக்கு இல்லை. காலியிடங்களெல்லாம் நிழலுக்குள் இருந்தன. உயிரோடு இருந்த பிள்ளைகள் அக்கினி நட்சத்திர வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நெழலுக்கு வாங்களேன்," என்று அதட்டினார் ஐசக்.

"அவுங்களுக்கு வெயிலு ஆவாது சார்," என்றாள் சிட்டம்மாள். முகமெல்லாம் வேர்த்து வழிந்தது.

அன்றைக்கு ஒரு சிறு பெண் டம்ளரைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அதற்குப் பிறகும் கிளப்பிடம் சொல்லாமல் இருக்க ஐசக்கால் முடியவில்லை.

6

கூட்டத்தில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மில் மிஷின் நின்றிருந்த நேரம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு கொட்டாய் போட்டுட்டா போதும் சார்," என்றார் ஐசக். "கொஞ்சம் பெருசா. எல்லாருக்கும் நெழலு ஆவும்."

"எல்லாருக்கும்னா?" என்றார் வேதகிரி. "யாரு யாருக்கு? ஐசக், நீ சயின்ஸ் வாத்தியாரு. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போற. நீயே இப்படிப் பேசனா எப்படி?"

"நான் பாத்தத சொல்றேன்."

"நீ இன்னா பாத்த? காலி எடத்த பாத்த. செத்துப்போனதுங்களுக்குப் பால் ஊத்தறதுக்குப் பேரு கருமாதி. அத்த அவுங்கவுங்க வூட்ல பண்ணிக்கட்டும். கிளப்பு பண்ற வேல இல்ல. இங்க உசுரோட கீற புள்ள வெயில்ல வுழுந்துகீது. நாம யாருக்குப் பொறுப்பு?"

(வேதகிரி சொல்வதில் தப்பில்லை. அதுதான் எனக்குச் சிரமம். எழுதும்போது அவருக்கு எதிராக ஒரு வாதம் தேடினேன். ஐசக்குக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை.)

தீர்மானம் நிறைவேறியது. பால் உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். பாஞ்சாலி இனி ஊற்ற வேண்டாம், செயலாளரே ஊற்றுவார். பிள்ளைகளை நிழலில் உட்காரவைப்பதும் அவர் பொறுப்பு. கை தூக்கினார்கள். ஐசக் தூக்கவில்லை. பஞ்சாட்சரம் தூக்கினாரா என்று யாருக்கும் நினைவில்லை. மணியைத் தட்டினார், அவ்வளவுதான்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு மாடிப்படியில் ஐசக்கை நிறுத்தினார்.

"வாத்தியாரே, அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்ன?"

"சிட்டம்மாள் சார்."

"காலனிப் புள்ளைங்க மட்டுந்தான் வருதா?"

ஐசக் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தபிறகு கேள்வி எதற்கு என்று புரிந்தது. "தெரியலியே சார்," என்றார்.

பஞ்சாட்சரம் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

7

மறுநாள் ஐசக் பிள்ளைகளை நிழலுக்குள் இழுத்து உட்காரவைத்தார். பாஞ்சாலி தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். சண்டை போடவில்லை. அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கெட்டியான பாலாக, டம்ளர் நிறைய ஊற்றினார். தண்ணீர் கலக்காத பால்.

ஒரு பிள்ளையும் வாயில் வைக்கவில்லை. டம்ளரை எடுத்து எதிரே, வெயிலில், வெறும் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"குடிங்க."

யாரும் அசையவில்லை.

"குடி சிட்டம்மா. உனுக்குப் பசிக்கல?"

"பசிக்குது சார்." அவள் கண் டம்ளரிலேயே இருந்தது. "நாங்க குடிச்சா அவுங்க பாத்துக்கினே நிப்பாங்க. எப்டி சார் குடிக்கறது?"

அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். அம்மாக்கள் அடித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். வெளியே வைத்த டம்ளர்கள் மட்டும், ஐசக் வேறு பக்கம் திரும்பும்போதெல்லாம் காலியாயின. மாதக் கடைசியில் கம்பவுண்டர் தராசு கொண்டுவந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தார். பால் கொடுக்கத் தொடங்கியபோது இருந்ததைவிட எல்லோரும் எடை குறைந்திருந்தார்கள்.

8

ஒரு மத்தியானம் பஞ்சாட்சரம் வந்தார். வண்டியில்லாமல், ஆளில்லாமல், வெள்ளை வேட்டி முழுக்க வழிப் புழுதியோடு நடந்து வந்தார். காலனிக்குள் அவர் காலடி படுவது அதுதான் முதல் தடவை. பெண்கள் எழுந்து நின்றார்கள். பாஞ்சாலியும் எழுந்தாள்.

அவர் ஐசக்கைப் பார்க்கவில்லை. நேராகச் சிட்டம்மாள் எதிரில் போய் நின்றார். இத்தனை பேருக்கு எதிரில் கேட்க வேண்டியிருந்தது. செருமினார்.

"எம் பையன்..." என்றார். "முத்துகிருஷ்ணன்னு..."

"முத்துவா?" என்றாள் சிட்டம்மாள். "எனுக்குத் தெரியுமே. முன்ன ஏரிக்கரைக்கு வெள்ளாட வருவான். நீங்க கூட ஒருவாட்டி கரை வரிக்கும் வந்து அடிச்சி இட்டுக்கினு போனீங்க."

தூரத்தில் மில் சங்கு ஊதி ஓய்ந்தது.

"வந்துகீறானா?"

அவள் வரிசையைப் பார்க்கவில்லை. வரிசைக்கு அப்பால், நிழலும் இல்லாத வரப்பு மேட்டைப் பார்த்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேட்டில் கானல் ஆடியது. வேறு ஒன்றும் இல்லை.

"மொத நாள்லேர்ந்து வர்றான் மொதலாளி. தோ, அங்கதான் நின்னுக்கினே கீறான். குந்த மாட்டேங்கறான். நானு கூப்ட்டேன், அம்முலுவும் போயி கூப்ட்டா. 'நானு அங்க குந்தக் கூடாது, எங்க நைனா சொல்லிகீறாரு'ன்றான்."

பஞ்சாட்சரத்தின் கை தன் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"பால்... குடிச்சானா?"

"இல்ல. எங்க டம்ளர்ல குடிக்கக் கூடாதாம்."

பெண்களில் யாரோ விசும்பினார்கள். பாஞ்சாலி முன்னால் வந்தாள். ஐசக் கையிலிருந்த சொம்பை வாங்கி, ஒரு அலுமினிய டம்ளரில் பாலை நிரப்பி, வரிசையில் ஓர் இடம் பார்த்து வைத்தாள். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டார்கள்.

"நாங்க கூப்ட்டா வரமாட்டான் மொதலாளி," என்றாள். "நீ சொன்னாத்தான் வருவான்."

9

ஐசக் சார் இங்கே நிறுத்திவிட்டார். பஸ் செங்கல்பட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"நான் பாக்கல சார். குனிஞ்சி அண்டாவ கலக்கிக்கினு இருந்தேன். ஒரு தகப்பன் அந்த மாதிரி நிக்கும்போது பாக்கக் கூடாதுன்னு தோணிச்சி."

காதில் என்ன விழுந்தது என்று கேட்டேன். வெளியே பார்த்தார். இறங்கும் இடம் வந்துவிட்டது என்றார்.

முடிவை நானே எழுதிப் பார்த்தேன். ஒன்றில், பஞ்சாட்சரம் புழுதியில் சம்மணம் போட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துவிடுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனால் நம்பவில்லை. மகன் முன்னால் உட்கார்ந்து காட்டுவது பெரிய காரியம்தான், ஆனால் அந்தப் பையன் கேட்டது அதை இல்லை.

இன்னொன்றில், அவர் திரும்பி நடந்து போய்விடுகிறார். பள்ளிக்கூடம் திறக்கிறது, பவுடர் டின் தீர்கிறது, கிளப் அடுத்த வருடம் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்துகிறது. இது நடந்திருக்கக் கூடியது. அப்படி எழுதிவிட்டால் அந்தப் பையன் வெயிலிலேயே நிற்பான். ஒவ்வொரு முறை யாராவது படிக்கும்போதும் நிற்பான். என்னால் ஆகவில்லை.

மூன்றாவதில், அவர் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்கிறார். பெரிய வார்த்தை இல்லை. 'நான் சொன்னது தப்பு, போய்க் குந்து' என்கிற அளவுக்குத்தான். காலனி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும், அதுதான் பெரிது. ஆனால் அதை எழுதியது நான். அவர் சொன்னதாக ஆகாது. பையனும் அசையவில்லை, அப்பன் குரல் அவனுக்குத் தெரியாதா?

ஆகவே இப்படி விடுகிறேன். உச்சி வேளை. பாஞ்சாலி நகர்ந்து நிற்கிறாள். வரிசையில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள், டம்ளரில் பால் இருக்கிறது, ஈ எதுவும் அதன்மேல் உட்காரவில்லை. பஞ்சாட்சரம் மேட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். "முத்து," என்று கூப்பிட்டும்விட்டார். அதற்கு மேல் அவருக்குக் குரல் எழும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது, எப்போதாவது, ஒரு பிள்ளையிடம் 'அங்கே குந்தக் கூடாது' என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் குரல் உங்களுக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். மீதி வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.

கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். பையன் தள்ளி நிற்கிறான்.